உரோபோரோஸ்: ஒரே பதிவு, இரண்டு மிக்ஸ்

2008 நவம்பர் 12 அன்று ஜப்பானில் ஒரு ஆல்பம் வந்தது. அதே ஆல்பத்தை அதே குழு 2012 ஜனவரி 11 அன்று மறுபடியும் வெளியிட்டது. நடுவில் மூன்று வருடம், இரண்டு மாதம். பழைய ஆல்பங்களைத் தூசி தட்டித் திரும்ப விற்பது இசைத்துறையில் புதிதில்லை. ஆனால் அதற்குப் பத்தாவது ஆண்டு, இருபதாவது ஆண்டு என்று ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். இங்கே அது கூட இல்லை. டிர் ஆன் கிரே என்ற ஐந்து பேர் குழு, உரோபோரோஸ் என்ற தன் ஏழாவது ஆல்பத்தை டென்மார்க்கைச் சேர்ந்த டூயே மேட்சனிடம் கொடுத்து, புதிதாக மிக்ஸ் பண்ணி வாங்கியது. மிக்ஸ் என்றால், தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்து ஒன்றாகக் கலக்கும் வேலை. கூடவே சில துணுக்குகளைச் சேர்த்து, விரித்த பதிப்பு என்று கடைக்கு அனுப்பியது.

மேக்கப்பும் உடையுமாக மேடையேறும் ஜப்பானிய விஷுவல் கெய் பாணியில், பங்க்கும் மெட்டலும் கலந்த மெட்டல்கோர் வாசிக்கும் குழு ஒன்றின் புது வெளியீட்டைக் கேட்டதும் "இது தேறும்" என்று சொல்கிறோமே, அதை எதை வைத்துச் சொல்கிறோம்? இந்தக் கேள்விக்கு உரோபோரோஸை விடப் பொருத்தமான ஆல்பம் எனக்குத் தெரியவில்லை. பாட்டெழுத்தில் இருந்த பலம் எது, ஒலியில் வந்த பலம் எது என்று பிரித்துப் பார்க்க இரண்டு மிக்ஸ்கள் கையில் இருக்கின்றன. மற்ற ஆல்பங்களில் அதை ஊகிக்கத்தான் முடியும்.

ஒசாகாவிலிருந்து

டிர் ஆன் கிரே 1997 தொடக்கத்தில் ஒசாகாவில் உருவானது. பாடகர் கியோ, கிட்டாரில் கவோருவும் டாயும், பாஸில் தோஷியா, டிரம்ஸில் ஷின்யா. அன்று தொடங்கிய அதே ஐந்து பேர்தான் இன்றைக்கும். ஆள் மாறாத குழு என்பது விஷுவல் கெய் உலகில் அபூர்வம். அங்கே ஒரு குழு இரண்டு வருடம் தாண்டினாலே பெரிய விஷயம்.

விஷுவல் கெய் என்பது ஒரு இசை வகையின் பெயர் கிடையாது. எக்ஸ் ஜப்பான் என்ற ராக் குழுவின் காலத்திலிருந்து வரும் ஒரு மேடைப் பழக்கம் என்று சொல்லலாம். தலைமுடி, மேக்கப், உடை, மேடையில் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் பாட்டோடு சேர்த்தே திட்டமிடப்படும். உள்ளே வாசிப்பது முரட்டு பங்க் ராக்காக இருக்கலாம், இருண்ட கோத் ராக்காக இருக்கலாம், மெல்லிய பாப்பாகவும் இருக்கலாம். எக்ஸ் ஜப்பானின் யோஷிகிதான் டிர் ஆன் கிரேயின் தொடக்க கால சிங்கிள்களைத் தயாரித்தார். 1999 ஜனவரி 20 அன்று ஒரே நாளில் மூன்று சிங்கிள்களை இறக்கினார்கள். அந்தக் காலப் படங்களைப் பார்த்தால் பிற்பாடு வந்த குழு இதுதான் என்று நம்புவது கஷ்டம். அவ்வளவு சாயம், அவ்வளவு முடி.

இந்த உலகத்துக்கென்று ஒரு பொருளாதாரம் உண்டு. லைவ் ஹவுஸ் எனும் சிறிய இசை அரங்குகளில் வாரா வாரம் நிகழ்ச்சி. பாங்யாரு என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ரசிகைகள் முன்வரிசைக்கு வந்து, ஒரே நேரத்தில் ஒரே மாதிரி தலையை ஆட்டுவார்கள். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கையை எப்படி வீசுவது என்று எல்லோருக்கும் தெரியும். நிகழ்ச்சி முடிந்ததும் செக்கி எனும் உடனடிப் புகைப்படங்களின் விற்பனை நடக்கும். ஒரே சிங்கிள் டைப் ஏ, டைப் பி என்று வரும். ஒன்றில் வீடியோ, இன்னொன்றில் கூடுதல் பாட்டு. உண்மையான ரசிகை இரண்டையும் வாங்குவாள் என்பது கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் வியாபாரத் தந்திரம் மாதிரிதான் தெரியும். ஆனால் வானொலியும் தொலைக்காட்சியும் சீந்தாத குழுக்கள் பல வருடம் தாக்குப்பிடிப்பது இந்தப் பணத்தில்தான்.

மெட்டல்கோர் உள்ளே வந்த வழி

மெட்டல்கோரின் சரக்கு இரண்டு ஊர்களிலிருந்து வந்தது. ஒன்று அமெரிக்க ஹார்ட்கோர் பங்க். இன்னொன்று ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்து மெலடி கலந்த டெத் மெட்டல், அதாவது உறுமல் குரலில் பாடும் கனமான மெட்டல். 2000க்குப் பிறகு மாசசூசெட்ஸ் பக்கத்துக் குழுக்கள் இதை ஒரு சூத்திரமாகவே ஆக்கிவிட்டன. சரணத்தில் அலறல், பல்லவியில் சுத்தமான பாட்டு, முக்கால்வாசியில் ஒரு பிரேக்டவுன். பிரேக்டவுன் வரும்போது டிரம்ஸின் வேகம் பாதியாகிவிடும். கிட்டார்காரர் வலது உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கிக்கொண்டு, காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் விழும் இடத்திலெல்லாம் தானும் அடிப்பார். நிற்கிறவர்கள் உடம்பால் கேட்க வேண்டிய இடம் அது.

இப்போது அந்த லைவ் ஹவுஸ் முன்வரிசையை யோசித்துப் பாருங்கள். சேர்ந்து தலையாட்டப் பல வருடமாகப் பழகிய ஒரு கூட்டம். அவர்களுக்கு எங்கே ஆட வேண்டும் என்று துல்லியமாகச் சொல்கிற ஒரு இசை. பல்லவியிலோ வாய்விட்டுப் பாட ஒரு மெட்டு. ஜப்பானியப் பாட்டுக்கு அது உயிர். விஷுவல் கெய் குழுக்கள் மெட்டல்கோரைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை. அமெரிக்க மோகம் என்று சிலர் சொல்வதை நான் பாதிதான் ஏற்பேன். பூட்டும் சாவியும் ஏற்கெனவே பொருந்தித்தான் இருந்தன.

டிர் ஆன் கிரே இந்தப் பக்கம் வந்தது படிப்படியாக. 2002இல் சிக்ஸ் அக்லி என்ற மினி ஆல்பம், 2003இல் வல்கர், 2005இல் விதரிங் டு டெத். மேக்கப் குறைந்தது, கிட்டாரின் சுருதி இறங்கியது. 2005 மே மாதம் பெர்லினின் கொலம்பியாஹாலே அரங்கில் டிக்கெட் மொத்தமும் விற்றுத் தீர்ந்தது. 2006இல் அமெரிக்காவில் கார்ன் குழு நடத்திய ஃபேமிலி வேல்யூஸ் சுற்றுப்பயணத்தில் டெஃப்டோன்ஸ் போன்றவர்களோடு இவர்களும் ஏறினார்கள். பட்டப்பகலில், தங்களை யாரென்றே தெரியாத ஆயிரக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் முன்னால் வாசிப்பது, மேக்கப் போட்ட லைவ் ஹவுஸ் அனுபவத்துக்கு நேர் எதிர்.

அந்த அனுபவத்தின் சூடு 2007 பிப்ரவரியில் வந்த தி மேரோ ஆஃப் எ போன் ஆல்பத்தில் தெரிகிறது. குழுவின் பட்டியலிலேயே மெட்டல்கோருக்கு மிக அருகில் நிற்பது அதுதான். சிறிய பாட்டுகள், நேரான அடி, ஆங்கிலக் கத்தல். அதிலிருந்து வந்த அஜிடேட்டட் ஸ்க்ரீம்ஸ் ஆஃப் மேகட்ஸ் என்ற சிங்கிளுக்கு அனிமேஷன் கலைஞர் கெய்டா குரோசாகா செய்த வீடியோவை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாப்பிடும்போது பார்க்க வேண்டாம். ஆனால் ஆல்பமாக எனக்கு அது ஒரு பக்கம் சாய்ந்தே கேட்கிறது. எல்லாப் பாட்டும் மேடைக்காக எழுதியது மாதிரி. கியோவின் குரலில் இருக்கும் ஏழெட்டு நிறங்களில் இரண்டை மட்டுமே பயன்படுத்தியிருக்கிறார்கள். வல்கரில் இருந்த விபரீதமான திருப்பங்கள் காணாமல் போயின. அமெரிக்க ரசிகருக்கு இது எளிதான வாசல்தான். ஆனால் இந்த வாசல் வழியாக நுழைந்தால் உள்ளே இன்னும் பத்து அமெரிக்கக் குழுக்கள் இதையே செய்துகொண்டு நிற்கின்றன.

அடுத்த ஆல்பத்தின் மேல் எதிர்பார்ப்பும் பயமும் சேர்ந்து இருந்ததற்கு இதுதான் காரணம். இதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் திரும்பி வர வழி இருக்காது.

இரண்டு சிங்கிள்கள், இரண்டு சாடை

2007 அக்டோபரில் டோசிங் கிரீன் வந்தது. 2008 செப்டம்பரில் கிளாஸ் ஸ்கின். இரண்டுக்கும் ஆங்கில வரிகளோடும் ஒரு வடிவம் உண்டு. முதலாவதில் அலறல் இருக்கிறது, ஆனால் பாட்டு அதை நம்பி நிற்கவில்லை. மெதுவாக, ஒரு சோம்பலான பதற்றத்தோடு நகர்ந்து, நடுவில் ஓரிடத்தில் கியோவின் குரல் அடித்தொண்டையிலிருந்து கிளம்பி உச்சிவரை ஏறுகிறது. கிளாஸ் ஸ்கின் முழுக்கவே மெல்லிசைப் பாட்டு. இதைக் கேட்டுவிட்டு "மென்மையாகிவிட்டார்கள்" என்று பேசியவர்களும் இருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஆல்பம் வந்தது.

அமெரிக்காவில் தி எண்ட் ரெக்கார்ட்ஸ் அதை நவம்பர் 11 அன்றே வெளியிட்டது. பில்போர்டு 200 பட்டியலில் 114ஆம் இடம். எண்ணாகப் பார்த்தால் பெரிதில்லை. பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் பாடும், வானொலி ஆதரவே இல்லாத ஒரு குழுவுக்கு 2008இல் அது பெரிய எண்.

வினுஷ்கா

ஆல்பம் சா பிர் என்ற மந்திரம் ஓதுவது போன்ற ஒரு முன்னுரையோடு தொடங்குகிறது. அப்புறம் இரண்டாவது இடத்தில் வினுஷ்கா. ஒன்பதரை நிமிடத்துக்கும் மேல் நீளம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். போன ஆல்பத்தில் எல்லாவற்றையும் சுருக்கிய குழு, அமெரிக்கச் சந்தையில் கால் ஊன்ற வேண்டிய நேரத்தில், ஆல்பத்தின் மிக நீளமான பாட்டைத் தூக்கி வாசலிலேயே வைக்கிறது. வழக்கமாக இப்படிப்பட்ட பாட்டைக் கடைசியில் வைப்பார்கள். பொறுமை உள்ளவன் வந்து சேரட்டும் என்று. இவர்கள் செய்தது தைரியமா திமிரா என்று தெரியவில்லை. எதுவானாலும் கேட்பவர் இனி எந்தக் கதியில் கேட்க வேண்டும் என்பதை அந்த ஒன்பதரை நிமிடம் தீர்மானித்துவிடுகிறது.

பாட்டு அக்கூஸ்டிக் கிட்டாரோடும் சுத்தமான குரலோடும் ஆரம்பிக்கிறது. மெட்டு அழுத்தமானது, ஒரு தடவை கேட்டாலே ஒட்டிக்கொள்ளும். முழுக் குழுவும் உள்ளே வரும்போதும் மெட்டு உடையாமல் இருக்கிறது. நடுப்பகுதியில் வேகமும் உறுமலும் தலைதூக்குகின்றன. கியோ ஒரு நொடி முணுமுணுக்கிறார், அடுத்த நொடி குரலே மனிதக் குரலாக இல்லை. அதற்கப்புறம் பழைய மெட்டு திரும்புகிறது, ஆனால் இப்போது அதற்கு வேறு எடை.

மெட்டல்கோர் சூத்திரத்தில் பிரேக்டவுன் பாட்டின் முக்கால்வாசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கழற்றி இன்னொரு பாட்டில் மாட்டினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. வினுஷ்காவின் கனமான பகுதியைக் கழற்ற முடியாது. முன்னால் வந்த அமைதியிலிருந்து அது வளர்கிறது. பின்னால் வரும் மெட்டுக்கு எடை கொடுப்பது அதுதான். மெட்டல்கோரின் உபகரணங்கள் எல்லாமே பாட்டில் இருக்கின்றன: அமுக்கி அடிக்கும் கிட்டார், பாதி வேக டிரம்ஸ், அலறலும் பாட்டும் மாறி மாறி. ஆனால் அவை நிற்கும் வரிசை மாறிவிட்டது. எனக்கு இந்த ஆல்பத்தின் மொத்தச் செய்தியும் இந்த ஒரு பாட்டில் இருக்கிறது. மற்ற பன்னிரண்டும் அதன் விளக்கங்கள்.

மற்றவை

எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குப் பேச வேண்டியதில்லை. ரெட் சாயில், தோகோகு தோ சாரினு, ரெய்கெட்சு நாரிசேபா மூன்றும் மேரோ காலத்து முரட்டுத்தனத்தின் வாரிசுகள். ஆனால் உள்ளே தாளம் இடறி இடறி நடக்கிறது, நேராக ஓடுவதில்லை. தொகுரோ நடுத்தர வேகத்தில் பாம்பு மாதிரி சுருண்டு போகிறது. ஆல்பத்தின் தலைப்பே தன் வாலைத் தானே கடிக்கும் பாம்புதான். ஸ்டக் மேனில் தோஷியாவின் பாஸ் கட்டைவிரலால் அறைந்து வாசிக்கப்படுகிறது. எல்லோரும் இருட்டில் தடவிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் நடனமாடுவது மாதிரி. எனக்குப் பிடித்த பாட்டுகளில் ஒன்று, ஆனால் ஆல்பத்தில் அதன் இடம் சரியா என்று இன்னும் சந்தேகம். கிளாஸ் ஸ்கின் முடிந்த கையோடு அது வரும்போது வீட்டுக்குள் வேறு யாரோ நுழைந்துவிட்ட உணர்வு.

வாரே, யாமி தோதே என்ற பாட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மெதுவான, நீண்ட, பெரும்பாலும் சுத்தமான குரலில் போகும் பாட்டு. கனமான இசை கேட்கிறவர்கள் தாண்டிப் போகும் இடம். எனக்கோ வினுஷ்காவுக்கு அடுத்தபடி இதுதான். கடைசிப் பாட்டான இன்கன்வீனியன்ட் ஐடியலில் கியோ கள்ளக்குரலில் எட்டும் உயரம் வேறு எந்த மெட்டல்கோர் பாடகரும் போக நினைக்காத உயரம்.

கருவிகளில் ஒரு சுவாரஸ்யம். வழக்கமான கிட்டார்களோடு எலெக்ட்ரிக் சிதாரும் மாண்டலினும் இதில் உண்டு. எலெக்ட்ரிக் சிதார் என்பது நிஜ சிதார் இல்லை. 1960களில் அமெரிக்காவில் வந்த, கிட்டார் மாதிரியே வாசிக்கும் கருவி. கம்பி உட்காரும் பிரிட்ஜ் தட்டையாக இருப்பதால் அதிரும் கம்பி அதில் லேசாக உரசி ரீங்காரம் தரும். நம் தம்புராவில் பிரிட்ஜுக்கும் கம்பிக்கும் நடுவே நூல் வைத்து ஜீவா பிடிப்பதும் இதே தத்துவம்தான். இந்த ரீங்காரம் இருந்தால் ஆதார சுருதி ஒன்று எப்போதும் ஒலித்துக்கொண்டே இருப்பது போலத் தோன்றும். டிர் ஆன் கிரே அதை "கிழக்கத்திய வாசனை" காட்டும் அலங்காரமாகத் தெளிக்காமல், தரையாக விரித்திருக்கிறது. மேற்கத்திய ராக் குழுக்கள் சிதாரைத் தொட்டபோது நடந்த அசட்டுத்தனம் இங்கே இல்லை.

குரல்

கியோவின் குரல் இல்லாமல் இந்த ஆல்பம் நிற்காது. தாழ்ந்த உறுமல், உச்சத்துக் கீச்சு, கிசுகிசு, நாடகப் பேச்சு, ஓதல், கள்ளக்குரல், அப்புறம் சாதாரணமாக நெஞ்சைத் தொடும் பாட்டு. மெட்டல்கோரில் அலறலும் பாட்டும் இரண்டு பாத்திரங்களாகப் பிரிந்து நிற்கும். பல குழுக்களில் அதற்கு இரண்டு ஆட்களே உண்டு. கியோவிடம் அந்த எல்லை இல்லை. ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிறார். ஒரு நடிகர் ஒரே காட்சியில் முகம் மாற்றுவது போன்ற இந்தப் பழக்கம் விஷுவல் கெய் மேடையிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். மேக்கப் போனாலும் நாடகம் தொண்டையில் தங்கிவிட்டது.

இதற்கு விலை இருந்தது. 2012இல் அவருக்குக் குரல் நாணில் முடிச்சு என்று தெரிந்து குழு நிகழ்ச்சிகளை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வருடமே மேடைக்குத் திரும்பினார்கள்.

மிக்ஸ்

சரி, இப்போது முக்கிய விஷயம்.

கனமான இசையின் மிக்ஸில் சண்டை எல்லாம் அடித்தளத்தில்தான். சாதாரண ட்யூனிங்கில் கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதை பி சுரம் வரை இறக்கினால் சுமார் 62. பாஸ் கிட்டாரின் வீடும் கிக் டிரம்மின் வீடும் அதே தெருவில்தான். மூன்றும் ஒன்றாக விழும் பிரேக்டவுனில் எதுவும் தனியாகக் கேட்காது. ஒரு பெரிய "ம்ம்ம்" மட்டும் மிஞ்சும். அதனால் மிக்ஸ் செய்பவர் கிட்டாரின் அடிப்பகுதியை வெட்டிவிடுவார். அந்த இடத்தைப் பாஸுக்குக் கொடுப்பார். கிக் டிரம்முக்கு மேலே மூன்று, நான்கு ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு "டிக்" சத்தத்தைத் தூக்கிவிடுவார். தனியாகக் கேட்டால் கிட்டார் ஒல்லியாக இருக்கும். எல்லாம் சேர்ந்தால் மலை.

2008 மிக்ஸில் இந்தப் பங்கீடு சரியாக நடக்கவில்லை என்பது என் காது சொல்வது. அடித்தள ஒலி கனமாக இருக்கிறது, ஆனால் மூடியிருக்கிறது. இரண்டு கிட்டார்களும் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. கவோரு என்ன வாசிக்கிறார், டாய் என்ன வாசிக்கிறார் என்று பிரித்துக் கேட்பது சிரமம். ஷின்யாவின் இரட்டை கிக் வேலை ரெட் சாயில் போன்ற பாட்டுகளில் பாதி காணாமல் போகிறது. குரல் முன்னால் நிற்காமல் இசைக்குள் மூழ்கியிருக்கிறது.

டூயே மேட்சன் ஆர்ஹுஸ் நகரத்தில் ஆன்ட்ஃபார்ம் என்ற ஸ்டூடியோவை நடத்தி வந்தவர். தி ஹான்டட், ஹெவன் ஷால் பர்ன் போன்ற குழுக்களோடு வேலை செய்தவர். அதாவது மெட்டல்கோர் எங்கிருந்து தன் கிட்டார் ஒலியை எடுத்ததோ அந்த வட்டாரத்துக் கை. 2011 ஆகஸ்டில் வந்த டம் ஸ்பைரோ ஸ்பெரோ ஆல்பத்தை மிக்ஸ் செய்தவரும் இவர்தான். அந்த ஆல்பத்தில் கிட்டார்கள் ஏழு கம்பிக்குப் போய்விட்டன, அடுக்குகள் இன்னும் கூடின. அப்படியும் ஒவ்வொன்றும் கேட்டது. அதைக் கேட்ட பிறகு குழுவுக்கே பழைய ஆல்பம் உறுத்தியிருக்க வேண்டும்.

2012 மிக்ஸில் கதவு திறந்துவிட்டது. கிக்கும், குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மும் முன்னால் வருகின்றன. கிட்டார்கள் இடமும் வலமும் பிரிந்து நிற்கின்றன. தோஷியாவின் பாஸ் ஒரு தனிக் குரலாகக் கேட்கிறது. ஸ்டக் மேனில் மட்டுமின்றி எல்லாப் பாட்டிலும். தோகோகு தோ சாரினுவில் தாளம் எங்கெல்லாம் இடறுகிறது என்று முதன்முறையாகக் கணக்குப் போட முடிகிறது. கனமான பாட்டுகளைப் பொறுத்தவரை விவாதமே இல்லை. 2012தான்.

ஆனால் வினுஷ்காவுக்கு நான் இன்னமும் 2008க்குத்தான் போகிறேன். ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அந்த மூடிய ஒலியில் பாட்டின் அமைதியான தொடக்கம் ஏதோ ஒரு பழைய கட்டடத்துக்குள் நடப்பது மாதிரி இருந்தது. கனமான பகுதி வரும்போது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வந்தது. புது மிக்ஸில் ஒவ்வொரு கருவியும் தன் இடத்தில் விளக்குப் போட்டு நிற்கிறது. என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. புகபூ என்ற பாட்டிலும் இதே இழப்பு. 2012 பதிப்பில் அதற்கு முன்னால் புகபூ ரெஸ்பிரா என்று ஒரு முன்னோட்டத் துணுக்கைச் சேர்த்தும் அது ஈடாகவில்லை.

இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. வினுஷ்கா இரண்டிலும் வினுஷ்காதான். மோசமான மிக்ஸும் அதைக் கெடுக்கவில்லை, நல்ல மிக்ஸும் அதை உருவாக்கவில்லை. மாறாக, காய்கா என்று தொடங்கும் அந்த வேகப் பாட்டு 2008இல் ஒரு சராசரிப் பாட்டாகக் கேட்டது. 2012இல் கேட்கிற நமக்கு அடி விழுந்தது போல இருந்தாலும், மூன்றாவது தடவை கேட்கும்போது மறுபடி சராசரிதான். ஒலி ஒரு பாட்டுக்குக் கொஞ்ச காலம் கடன் கொடுக்கும், அவ்வளவே.

பிறகு நடந்தவை

2010 ஜனவரி 9, 10 தேதிகளில் டோக்கியோவின் நிப்போன் புடோகான் அரங்கில் இரண்டு இரவுகள் வாசித்து உரோபோரோஸ் காலத்தை முடித்தார்கள். 2016இலிருந்து 2018 வரை தங்கள் பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தனித்தனிச் சுற்றுப்பயணங்கள் நடத்தியபோது இதற்கும் ஒன்று ஒதுக்கினார்கள். உரோபோரோஸுக்கு அடுத்த ஆல்பங்களில் குழு இன்னும் அடர்ந்த காட்டுக்குள் போனது. சிலருக்கு டம் ஸ்பைரோ ஸ்பெரோதான் உச்சம். எனக்கு அது மரியாதைக்குரிய ஆல்பம். உட்கார்ந்து கேட்க மனம் வருவது உரோபோரோஸ்.

இன்று விஷுவல் கெய் மெட்டல்கோர் என்று சொன்னால் நினைவுக்கு வரும் பெயர்கள் வேறு. 2009இல் தொடங்கிய டோக்கியோவின் நாக்டர்னல் பிளட்லஸ்ட். கிட்டார்காரர்கள் இருவரும் விலகிய பிறகு புதிய இருவரைச் சேர்த்துக்கொண்டு 2020 டிசம்பரில் தி வேஸ்ட்லேண்ட் என்ற மினி ஆல்பத்தோடு திரும்பியவர்கள். ஒசாகாவின் டெவிலூஃப், மெட்டல்கோரைவிட முரடான டெத்கோர் வரைக்கும் போய் நிற்கிறது. இவர்களுக்கு 2008இன் ஒலிப் பிரச்சினை கிடையாது. முதல் நாளிலிருந்தே எல்லாம் பளிச்சென்று, மேற்கத்திய குழுக்களின் தரத்துக்குச் சமமாகப் பதிவாகிறது. கம்ப்யூட்டரில் டிரம் சாம்பிள்கள், கிட்டார் ஆம்ப் மாதிரிகள் எல்லாம் கைக்கெட்டும் விலையில் வந்துவிட்ட காலம். வீட்டு அறையில் உட்கார்ந்தே மேட்சன் கொண்டுவந்த தெளிவில் பெரும்பகுதியைக் கொண்டுவந்துவிடலாம்.

அதனாலேயே இப்போது ஒரு புது வெளியீட்டைக் கேட்டு நம்பிக்கை வைப்பது முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது. முதல் பிரேக்டவுன் எல்லோருடையதும் அபாரமாக இருக்கிறது. நான் இரண்டாவது பாட்டின் பிரேக்டவுனுக்குக் காத்திருப்பேன். அதை அப்படியே தூக்கி முதல் பாட்டில் வைத்தாலும் யாருக்கும் தெரியாது என்றால், அந்தக் குழுவின் அடுத்த ஆல்பம் வரும்வரை பொறுத்துக்கொள்வேன்.